ஈரத்துணி வைத்தியம்

1980களின் தொடக்கத்தில் ஒரு சித்திரை மாதத்து நண்பகல். திருநெல்வேலியிலிருந்து சேரன்மகாதேவி வழியாக அம்பாசமுத்திரம் செல்லும் சாலையோரத்தில் ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் நிற்கிறது. எஞ்சின் மூடி திறந்திருக்கிறது. ஓட்டி வந்தவர் தோளில் கிடந்த துண்டைப் பக்கத்து வாய்க்காலில் நனைத்து, எஞ்சினின் விலாவில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு உலோகக் கிண்ணம் ஒன்றின் மேல் சுற்றுகிறார். மரத்தடியில் விற்கும் பதனீரைக் குடித்து முடிக்கிறார். பத்து நிமிடம் கழித்து சாவியைத் திருப்புகிறார். அதுவரை முரண்டு பிடித்த எஞ்சின் ஒரே முயற்சியில் கிளம்பிவிடுகிறது!

இத்தகைய காட்சியை உங்களில் வயது முதிர்ந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியில் ஈரத்துணி போடுவது போல, காருக்கும் ஈரத்துணியா? இது என்ன மாயம்? மாயம் ஒன்றுமில்லை. அந்தக் காரின் சொந்தக்காரன் நான்தான். இரண்டு கைமாறி என்னிடம் வந்த அந்த ஹெரால்டு, பள்ளியில் நான் மனப்பாடம் செய்து மறந்துபோன விஞ்ஞானத்தை நடுரோட்டில் நிறுத்தி மறுபடியும் கற்றுக் கொடுத்தது. அந்தப் பாடங்களில் சிலவற்றை இங்கே காண்போம். பழைய கார் வைத்திருக்கும் வாசகர்களுக்கு இன்று இவை முன்னைவிட அவசியமாகியிருக்கின்றன. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

பிரிட்டிஷ் கார் இங்கே வந்த கதை

நாம் நம்மூர்க் கார் என்று எண்ணிய அம்பாஸடரின் தாயகம் இங்கிலாந்து. அங்கே 1956இல் வெளிவந்த மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரின் வார்ப்பே அது. மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் 2014 வரை அது தயாராகி வந்தது. சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை 1961 முதல் தயாரித்த ஹெரால்டோ, இங்கிலாந்தின் டிரயம்ப் ஹெரால்டின் உடன்பிறப்பு. இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கேலாட்டி உருவம் கொடுத்த கார் அது. எஞ்சினின் கொள்ளளவு 948 கன சென்டிமீட்டர்.

ஹெரால்டு உருவான விதத்தில் ஒரு வேடிக்கை உண்டு. 1950களில் இங்கிலாந்தில், கார்களுக்கு முழுக் கூடு அடித்துக் கொடுத்து வந்த கம்பெனியைப் போட்டி நிறுவனம் ஒன்று வாங்கிவிட்டது. ஸ்டாண்டர்டு நிறுவனத்தாருக்கு ஒரே துண்டாகக் கூடு அடித்துத் தர ஆள் இல்லாமல் போயிற்று. ஆகவே தனியாக ஓர் அடிச்சட்டம் செய்து, அதன்மேல் உடலைப் பகுதி பகுதியாக போல்ட்டு போட்டு இணைத்தார்கள். அவர்களுக்கு நேர்ந்த அந்தச் சங்கடம் நம்மூர் மெக்கானிக்குகளுக்கு வரமாக முடிந்தது. இடிபட்ட பகுதியை மட்டும் கழற்றித் தட்டி நிமிர்த்தி மாட்டலாம். முன்பக்க மூடியோ மட்கார்டுகளோடு சேர்ந்து ஒரே துண்டாக முன்னோக்கிச் சாயும். பிறகு முன்சக்கரத்தின்மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சினில் வேலை பார்க்கலாம்! தேவைப்பட்டதெல்லாம் அங்குலக் கணக்கில் அமைந்த ஒரு செட் ஸ்பேனர். மில்லிமீட்டர் ஸ்பேனரை அவசரத்துக்கு மாட்டினால் நட்டின் மூலைகள் மழுங்கிவிடும்.

பழைய கார்களின் மின்சாதனங்களுக்குப் பெயர் பெற்ற லூகாஸ் நிறுவனம், டி.வி.எஸ். குழுமத்தோடு கூட்டுச் சேர்ந்து 1961இல் லூகாஸ்-டிவிஎஸ் கம்பெனியைத் தொடங்கியது. டி.வி.எஸ். நிறுவனர் டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1877இல் பிறந்த ஊர், நம் திருநெல்வேலிச் சீமையின் திருக்குறுங்குடி.

பெட்ரோல் கொதித்தால்

நாம் சாலையோரம் விட்டுவந்த ஈரத்துணிக்குத் திரும்புவோம். அந்த உலோகக் கிண்ணத்தின் பெயர் பெட்ரோல் பம்ப். காரின் பின்புறத்துத் தொட்டியிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி, முன்புறத்து கார்புரேட்டருக்கு அனுப்புவது அதன் வேலை. உள்ளே ஒரு மெல்லிய ஜவ்வு எஞ்சினின் ஓட்டத்தால் மேலும் கீழும் அசைந்துகொண்டே இருக்கும்.

தண்ணீரைப் போல பெட்ரோலுக்கு ஒரே கொதிநிலை கிடையாது. அது பல நீர்மங்களின் கலவை. அவற்றுள் லேசானவை 35 அல்லது 40 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கத் தொடங்கும். கனமானவை ஆவியாக 200 டிகிரி வரை வேண்டும். நம் கத்திரி வெயிலில் சாலையின் மேல் காற்றே 40 டிகிரியைத் தொடும். எஞ்சினை ஒட்டியிருக்கும் பம்பின் உஷ்ணத்தைக் கேட்கவே வேண்டாம். மேலும் உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைவு. அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். ஆகவே குழாயிலும் பம்பிலும் பெட்ரோல் ஆவியாகி, குமிழிகளாக அடைத்துக்கொள்கிறது. ஜவ்வு அசையும்போது ஆவி சுருங்கி விரிகிறதே தவிர, நீர்மம் நகர்வதில்லை. தொட்டி நிறையப் பெட்ரோல் இருந்தும் கார்புரேட்டர் வறண்டு கிடக்கும். இதைத்தான் ஆவியடைப்பு என்கிறோம்.

துணியிலுள்ள நீர் ஆவியாகும்போது தனக்கு வேண்டிய வெப்பத்தைப் பம்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. 1 கிராம் நீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்க 70 கலோரி போதும். ஆனால் வெறும் 30 டிகிரியிலேயே 1 கிராம் நீர் ஆவியாகிப் போக ஏறத்தாழ 580 கலோரி வேண்டும். நம் வீட்டு மண்பானை நீரைக் குளிர்விப்பதும் இந்த உள்ளுறை வெப்பத்தின் கைங்கரியமே. பம்ப் குளிர்ந்ததும் ஆவி மீண்டும் பெட்ரோலாகிறது; அடைப்பு விலகுகிறது. துணியைச் சொட்டச் சொட்ட வைக்க வேண்டியதில்லை. ஈரமும் காற்றோட்டமுமே முக்கியம்.

பெட்ரோல் வருதா? கரண்டு வருதா?

கார் நின்றால் எல்லாக் கோளாறும் பெட்ரோலால் வந்ததாக ஆகாது. எனக்குத் தொழில் காட்டிய மெக்கானிக் அண்ணாச்சி ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் இரண்டு கேள்விகள் கேட்பார். "பெட்ரோல் வருதா? கரண்டு வருதா?" கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி, ஒரு டப்பாவில் பிடித்து எஞ்சினைச் சுழற்றினால் முதல் கேள்விக்கு விடை கிடைக்கும். சிந்தியதைத் துடைத்து, டப்பாவைத் தூரக் கொண்டுபோய் வைத்த பிறகே இரண்டாவது சோதனை. ஒரு பிளக்கைக் கழற்றி, வயரில் மாட்டி, அதன் உலோக உடலை எஞ்சின் இரும்பில் படவைத்துச் சுழற்றினால் நீலப் பொறி 'சடக்' என்று தாவ வேண்டும்.

பாட்டரி தருவது 12 வோல்ட். பிளக்கின் முனைகளுக்கு நடுவே பொறி தாவப் பல்லாயிரம் வோல்ட் வேண்டும். இந்த வேலையைச் செய்வது காயில். அதில் ஓடும் மின்னோட்டத்தைத் திடீரென்று துண்டித்தால், அதன் காந்தப்புலம் சட்டென்று அழிந்து, பல ஆயிரம் சுற்றுகள் கொண்ட மற்றொரு கம்பிச்சுருளில் உயர் மின்னழுத்தத்தைத் தூண்டும். ஃபாரடே 1831இல் கண்ட மின்காந்தத் தூண்டல்தான் இது. துண்டிக்கும் கதவு, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் 'பாயிண்டு' என்ற சிறு ஜோடி. முழுவதும் திறந்த நிலையில் அதன் இடைவெளி 0.015 அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது இக்கதவு வினாடிக்கு 100 முறை திறந்து மூடுகிறது! பாயிண்டு கருகினாலோ இடைவெளி மாறினாலோ பொறி சோர்ந்துவிடும். நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, பீலர் கேஜ் தகட்டால் இடைவெளியைச் சரிபார்த்தால் போதும். அடிக்கடி கருகினால் குற்றவாளி பக்கத்திலுள்ள கண்டென்சர் என்று அறிக.

அண்ணாச்சி செய்தது என்ன? சாத்தியமான காரணங்களை இரண்டாகப் பிரித்தார், ஒவ்வொன்றையும் சோதித்தார், பொருந்தாததை ஒதுக்கினார். சோதனைச்சாலையில் விஞ்ஞானி செய்வதும் இதுவே.

மாஞ்சோலை மலையில் நான் கற்றது

இனி நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். ஒரு கோடை விடுமுறையில் குடும்பத்தோடு மணிமுத்தாறு வழியாக மாஞ்சோலைக்குப் புறப்பட்டோம். தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த அப்பகுதி சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் உள்ளது. இரண்டாவது கியரில் ஏறிக்கொண்டிருந்தபோது மூடியின் விளிம்பிலிருந்து வெண்புகை கிளம்பியது. இறங்கி மூடியைச் சாய்த்தேன். ரேடியேட்டர் சீறிக்கொண்டிருந்தது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து, கையிலிருந்த துணியால் ரேடியேட்டர் மூடியைப் பிடித்துத் திருகினேன். அடுத்த கணம் கொதிநீரும் ஆவியும் பீறிட்டுக் கையை வேகவைத்துவிட்டன. குழந்தைகள் தள்ளி நின்றது தெய்வச் செயல்.

ஏன் அப்படிப் பீறிட்டது? எஞ்சினில் எரியும் பெட்ரோலின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை ரேடியேட்டர் நீர் வாங்கி வெளியே கொட்டியாக வேண்டும். அந்த நீர் 100 டிகிரியில் கொதித்துவிடாமல் இருக்க, ரேடியேட்டர் மூடியில் ஒரு ஸ்பிரிங் வால்வு உண்டு. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தத்தை அடக்கி வைக்கும் மூடியாயின், கொதிநிலை சுமார் 111 டிகிரிக்கு உயரும். பிரஷர் குக்கரின் தத்துவம்தான். அந்நிலையில் மூடியைத் திறந்தால் அழுத்தம் நொடியில் மறைகிறது. 111 டிகிரியிலுள்ள நீர் 100 டிகிரிக்கு இறங்கியாக வேண்டும். மிஞ்சிய வெப்பம் நீரின் ஒரு பகுதியை ஆவியாக்குகிறது. 1 லிட்டர் நீரில் சுமார் 20 கிராம் மட்டுமே ஆவியாகும். ஆனால் அந்த 20 கிராம், 30 லிட்டருக்கும் மேற்பட்ட இடத்தை அடைக்கும் ஆவி! எஞ்சியுள்ள கொதிநீரையும் அதுவே வெளியே தள்ளுகிறது. ஆகவே, சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். எஞ்சினை நிறுத்தி, குறைந்தது அரைமணி நேரம் ஆறவிடுங்கள். கையில் தொட்டுச் சூடு தெரியாத பிறகே, தடித்த துணியை வைத்து, முதல் படிவரை மட்டும் திருகி, மிச்ச அழுத்தத்தை வெளியேற்றிய பின் முழுவதும் திறக்க வேண்டும். ஆறாத எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றவும் கூடாது. வார்ப்பிரும்பு திடீரென்று சுருங்கினால் விரிசல் விடும்.

மலையேற்றம் காருக்கு ஏன் கடினம் என்பதையும் பார்ப்போம். கீழ்க் கியரில் எஞ்சின் வேகமாகச் சுழல்கிறது. காரோ மெதுவாக நகர்கிறது. ரேடியேட்டருக்குள் புகும் காற்று குறைகிறது. மேலே போகப் போக வாயுமண்டல அழுத்தமும் குறைவதால் 1,000 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்து நீர் 97 டிகிரிக்குள் கொதித்துவிடும். காற்றின் அடர்த்தியும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைகிறது. 1 லிட்டர் பெட்ரோல் சரியாக எரிய சமவெளியில் சுமார் 9,000 லிட்டர் காற்று வேண்டும். மலைக்காற்றிலோ ஒவ்வொரு லிட்டரிலும் ஆக்சிஜன் குறைவு. கார்புரேட்டருக்கு இது தெரியாது. அது பழக்கப்படி பெட்ரோலை விடுவதால் கலவை கெட்டியாகிக் கரும்புகை வருகிறது; இழுவை குறைகிறது.

கிணற்று நீரும் ஆற்று நீரும்

ஆனாலும் அதே மலையில் மற்ற வண்டிகள் கொதிக்காமல் ஏறிப் போயினவே? என் வண்டிக்கு மட்டும் என்ன வந்தது? ஆறவைத்து, நீர் ஊற்றி, மெல்ல இறங்கி வந்து அண்ணாச்சியிடம் விட்டேன். அவர் ரேடியேட்டரைக் கழற்றினார். மேல்தொட்டியின் ஈயப்பற்றைப் பிரித்ததும் உள்ளே எட்டிப் பார்க்கச் சொன்னார். குழாய்களின் வாய்களில் பாதியை வெள்ளைத் தோடு அடைத்திருந்தது.

"தம்பி, இதுல என்ன தண்ணி ஊத்துனீங்க?"

"வீட்டுக் கெணத்துத் தண்ணிதான் அண்ணாச்சி."

"அதான் கல்லாப் போயிருக்கு. ஆத்துத் தண்ணியால்லா ஊத்தணும்!"

எங்கள் வீடு அப்போது திசையன்விளைப் பக்கம். கிணற்று நீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. கடினநீர் என்று பள்ளியில் படித்தது இதுதான். மழைநீர் மண்ணிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு, சுண்ணாம்புப் படிவங்களின் ஊடே இறங்கும்போது கால்சியம் பைகார்பனேட்டைச் சுமந்து வருகிறது. நம் மாவட்டத்து மண்ணில் சுண்ணாம்புக்குப் பஞ்சமில்லை. தாழையூத்தை அடுத்த சங்கர்நகரில் 1949இல் சிமெண்ட் ஆலை வந்ததற்கு அதுவே காரணம். இத்தகைய நீரைச் சூடாக்கினால் கரியமில வாயு வெளியேறி, கரையாத கால்சியம் கார்பனேட் தோடாகப் படிகிறது. தோட்டின் வெப்பக் கடத்துதிறன் தாமிரத்தினதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. குழாயின் வழியும் குறுகி, சுவருக்கும் கம்பளி போர்த்தினாற்போல் ஆகிவிடுகிறது. ஒவ்வொரு முறை ஆவியானதை ஈடுசெய்ய நான் ஊற்றிய ஒவ்வொரு செம்பு நீரும் இன்னும் கொஞ்சம் கல்லைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது!

தாமிரபரணி பொதிகை மலையின் கடும்பாறைகளின் மேல் பெய்யும் மழையால் ஓடி வருவது. அந்தப் பாறைகள் நீரில் எளிதில் கரைவதில்லை. ஆகவே மலையை விட்டு இறங்கும் இடத்தில் அந்நீர் மென்னீர். அண்ணாச்சிக்குப் பைகார்பனேட் தெரியாது. ஆனால் விளைவு தெரியும். மெல்லிய தகட்டைக் குழாய்களில் விட்டுத் தோட்டைச் சுரண்டி எடுத்து, மறுபடி பற்றவைத்துக் கொடுத்தார். அதன்பின் ஆற்று நீரைக் கேனில் பிடித்து வைத்துக்கொண்டேன். வண்டி கொதிக்கவே இல்லை. இன்று ஆற்று நீரும் வேண்டாம். காய்ச்சி வடித்த நீரில் துருத்தடுப்பு மருந்து சேர்ந்த கூலண்ட் கடைகளில் கிடைக்கிறது. அதுவே சிறந்தது.

எரிபொருள் மாறும்போது

பழைய காருக்கு இன்று வந்திருக்கும் சோதனை, அதன் உணவு மாறிவிட்டது என்பதே. இது முதல் தடவையும் அன்று. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது டி.வி.எஸ். நிறுவனத்தார் கரிவாயு உலைகள் செய்து பஸ்களில் மாட்டினர். அடுப்புக்கரியைப் போதாத காற்றில் எரித்தால் கிடைக்கும் கார்பன் மோனாக்சைடே எரிபொருள். இழுவை குறைந்தாலும் வண்டிகள் ஓடின. பிறகு 2000ஆம் ஆண்டில் பெட்ரோலிலிருந்து ஈயம் நீக்கப்பட்டது. அது நம் நுரையீரலுக்கும் மூளைக்கும் நல்லது. ஆனால் அந்த ஈயம் பழைய எஞ்சின்களின் வால்வு அமரும் வார்ப்பிரும்பு விளிம்புகளுக்குக் காப்பாகவும் இருந்தது. ஆகவே எஞ்சினைப் பிரிக்கும்போது கடினமான உலோக வளையங்களைப் பொருத்திக்கொள்வது நல்லது.

2025இல் நாடு முழுவதும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. எத்தனாலில் ஏற்கெனவே ஆக்சிஜன் இருப்பதால் அதற்குக் காற்று குறைவாகப் போதும். 1 கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும் என்றால், இக்கலவைக்கு ஏறத்தாழ 13.5 கிலோ. பழைய கார்புரேட்டர் இதை அறியாமல் பழைய அளவிலேயே விடும். கலவை மெலிந்து, எஞ்சின் திணறும். ஜெட்டைத் திருத்தி இதைச் சரிசெய்யலாம். எத்தனால் நீரையும் ஈர்க்கும். மாதக்கணக்கில் நின்ற காரின் தொட்டியில் நீர் சேர்ந்து துருப்பிடிக்கும்.

இவற்றைவிட முக்கியமானது ஒன்று உண்டு. பழைய ரப்பர்க் குழாய்களையும் பம்பின் ஜவ்வையும் எத்தனால் ஊதவைத்து உளுக்கச் செய்கிறது. வெடித்த குழாயிலிருந்து சொட்டும் பெட்ரோல், சூடான புகைபோக்கியின் மேலோ பாயிண்டுப் பொறியின் அருகிலோ போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வீட்டு முற்றத்தில் அப்பாவின் அம்பாஸடரோ தாத்தாவின் ஹெரால்டோ நிற்குமாயின், அதைக் கிளப்புவதற்கு முன் எத்தனாலைத் தாங்கும் புதுக் குழாய்களையும் ஜவ்வையும் போடுங்கள். ஆகும் செலவு காரின் மதிப்போடு ஒப்பிட்டால் அற்பம். 2021இல் வந்த மத்திய அரசு விதியின்படி, 50 ஆண்டுக்கு மேற்பட்ட, அசல் நிலை மாறாத கார்களைப் பழம்பெரும் வாகனமாகத் தனி எண்ணில் பதிவு செய்யவும் வழியுண்டு. அன்றாட ஓட்டத்துக்கும் வாடகைக்கும் அவற்றைப் பயன்படுத்த இயலாது.

நீங்களே செய்து பாருங்கள்

கார் இல்லாத வாசகர்களுக்கும் ஒரு சோதனை உண்டு. உங்கள் வீட்டில் வெந்நீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளைத் தோடு படிந்திருந்தால் அதில் கொஞ்சம் சுரண்டி எடுங்கள். ஒரு தட்டில் வைத்து எலுமிச்சைச் சாறு சில சொட்டு விடுங்கள். நுரைத்துக் குமிழி வந்தால் அது சுண்ணாம்புத் தோடு. மண்ணிலிருந்து நீர் சுமந்து வந்த கரியமில வாயு, அமிலம் பட்டதும் மீண்டும் விடுதலையாகிறது.

என் ஹெரால்டு கைமாறிப் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. அண்ணாச்சியும் இன்று இல்லை. அவர் அந்த ரேடியேட்டரிலிருந்து சுரண்டிக் கொடுத்த தோட்டில் ஒரு சில்லு என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்தால் அதன் ஓரத்தில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுக் காட்டுவேன். இன்னமும் நுரைக்கிறது.